பாலக்காட்டுக்கு அன்றே ரயில். மூணாறுக்கு ஏன் இன்னும் இல்லை?

லாங் வீக்கெண்டுக்கு மூணாறு பிளான் போட்டு, ரயில் டிக்கெட் தேடியிருக்கிறீர்களா? கேரளப் பக்கம் ஆலுவா, தமிழகப் பக்கம் போடிநாயக்கனூர். அதற்கு மேல் பஸ்தான். இடுக்கி மாவட்டத்தில் இன்று ஒரு ரயில் நிலையம்கூட இல்லை. ஆனால், மூணாறில் ஒருகாலத்தில் ரயில் ஓடியது தெரியுமா?

ஓடியது எது?

1902-ல் மூணாறையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்து ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். இழுத்தவை மாடுகள். 1908-ல் அது இரண்டடி அகலப் பாதையாக மாறி, நீராவி இன்ஜின் வந்தது. பெயர், குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வே. ஏற்றிச் சென்றது முக்கியமாகத் தேயிலைப் பெட்டிகள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ரயில் சமவெளியிலிருந்து மலை ஏறவே இல்லை, மேலேயே ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாகப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போயின.

ஏறினால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். போடிக்கும் மூணாறுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,100 மீட்டர். 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்றால், பாதை மட்டுமே 110 கி.மீ. வளைந்து வளைந்து போக வேண்டும். ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் வைத்து 12-க்கு 1 ஏறலாம். ஆனால் வேகமும் சரக்கும் குறைந்துவிடும்.

பாலக்காட்டுக்கு இந்தத் தலைவலி இல்லை. மலைத்தொடரே அங்கே வழிவிட்டதால், 1860-களிலேயே ரயில் வந்துவிட்டது. அதற்கும் ஒரு விலை உண்டு: 2021 நவம்பரில் மதுக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன.

மூணாறு ரயில் என்ன ஆனது?

1924 ஜூலை பெருவெள்ளம் தண்டவாளத்தையும் பாலங்களையும் அடித்துப் போனது. மறுபடி கட்டவில்லை.

இப்போது கட்டலாமா?

இன்ஜினியரிங்கில் முடியாதது இல்லை. ஆனால் 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு 70 உயிர்களை எடுத்தது. பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். இந்த மண்ணில் மலையை வெட்டினால், முதலில் ஆபத்து சரிவுக்குக் கீழே லயத்தில் தூங்குபவர்களுக்குத்தான். ஜன்னலோர சீட்டில் இருக்கும் நமக்கல்ல.

2023-ல் போடிக்கு ரயில் திரும்பியிருக்கிறது. அடுத்த முறை அதில் போய் இறங்குங்கள். மிச்ச தூரத்தை பஸ்ஸில் ஏறும்போது, ரயில் ஏன் அடிவாரத்தோடு நின்றது என்று உங்களுக்கே புரியும்.