வேகம் விளம்பரப் பலகையில். நம்பகம் தொழிலாளியின் தோளில்

சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதையில் ஏறி மேற்கே சென்றால் பலமனேர் வருகிறது. ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கி நிற்கும் மேட்டுநிலம் அது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் உருதும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர். தக்காளியும் பட்டுப்புழு வளர்ப்பும் கறவை மாடுகளும் சுற்றுவட்டாரத்தின் பிழைப்பு. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சம்பளமும் இப்போது அந்தப் பிழைப்பில் ஒரு பகுதி. கொரோனா காலத்தில் ஊர் திரும்பி, வீட்டிலிருந்தே நிறுவன வேலையைச் செய்யப் பழகிய இளைஞர்கள் இதுபோன்ற சிற்றூர்கள் அனைத்திலும் உண்டு.

எனவே வீட்டுக்கு எந்த இணைய இணைப்பை வாங்குவது, இருப்பதை விட்டு எதற்கு மாறுவது என்ற கேள்வி இவ்வூர்களில் வாடகை வீடு பார்ப்பது போன்ற குடும்ப விவகாரமாகிவிட்டது. இது நுகர்வோரின் சில்லறைக் கவலை என்று தோழர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. அதிக வேகமா, அறுபடாத இணைப்பா என்று ஒரு குடும்பம் எடைபோடும்போது, தொலைத்தொடர்புத் துறையில் கால் நூற்றாண்டாக நடந்த தனியார்மயத்தின் கணக்கு முழுவதும் அந்தத் தராசில் ஏறுகிறது.

'வரை' என்னும் சொல்

விளம்பரம் எப்போதும் வேகத்தையே பேசுகிறது. "100 எம்பிபிஎஸ் வரை", "300 எம்பிபிஎஸ் வரை". இதில் நிறுவனத்தைக் காப்பாற்றும் சொல் 'வரை' என்பதுதான். அது உச்சவரம்பைச் சொல்கிறது. குறைந்தபட்சம் எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. மாலை ஏழு மணிக்குத் தெருவே இணையத்தில் இருக்கும்போது என்ன கிடைக்கும், மழை பெய்த மறுநாள் என்ன கிடைக்கும் என்பதற்கு அதில் விடையில்லை.

ஒரு வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு வேகம் தேவை? தெளிவான ஒளிப்படக் காட்சிக்கு வினாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். காணொலிக் கூட்டத்திற்கு மூன்று அல்லது நான்கு போதும். நான்கு பேர் ஒரே நேரத்தில் வேலையும் படிப்பும் பொழுதுபோக்குமாக இருந்தாலும் 40 அல்லது 50 எம்பிபிஎஸ் தாராளம். அதற்கு மேல் விற்கப்படும் வேகத்தின் பெரும்பகுதி சாதாரணக் குடும்பத்தில் பயன்படாமலே கிடக்கிறது.

நம்பகத்தன்மையின் கணக்கு வேறு. ஓர் இணைப்பு நூற்றுக்கு 99 பங்கு நேரம் இயங்குகிறது என்றால் நல்ல மதிப்பெண் போலத் தோன்றும். ஆண்டுக்கு அது மூன்றரை நாட்களுக்கு மேல் இருட்டு. 99.9 பங்கு என்றால் ஒன்பது மணி நேரத்திற்கும் குறைவு. அந்த ஒரு புள்ளி இடைவெளியில்தான் தேர்வு எழுதும் மாணவியின் ஆண்டும், வேலை நேரத்தில் காணாமல் போனதற்காக விளக்கம் கேட்கப்படும் இளைஞரின் வேலையும் இருக்கின்றன. ஆயினும் தமது இணைப்பு சென்ற ஆண்டு அந்த மண்டலத்தில் எத்தனை மணி நேரம் அறுந்து கிடந்தது என்பதை எந்த விளம்பரமும் அச்சிடுவதில்லை.

கிராமப்புற உழைப்பாளிக்கு இது புதிய பாடமன்று. நூறு நாள் வேலைத் தளங்களில் கைபேசிச் செயலி வழியாக ஒளிப்படத்துடன் வருகைப் பதிவு செய்வது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. மண் வெட்டியவர் களத்தில் நிற்க, சிக்னல் கிடைக்காததால் அன்றைய கூலி பதிவாகாமல் போன அனுபவத்தை விவசாயத் தொழிலாளர்கள் நாடெங்கும் பேசினார்கள். ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் இணைப்புக்காகக் காத்திருக்கும்போது வரிசையில் நிற்பவரும் இதையே கற்றார். ஏழைக்கு இணையத்தின் வேகம் ஒரு வசதி. அறுபடாமை அவரது கூலி, அவரது அரிசி.

149 ரூபாய் வாக்குறுதி

ஆந்திரத்தில் இதற்கு ஒரு பொதுத்துறை விடை முன்வைக்கப்பட்டது. 2017 டிசம்பர் 27 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் மாநில அரசின் ஃபைபர்நெட் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாதம் 149 ரூபாய்க்கு 15 எம்பிபிஎஸ் இணையம், 250 தொலைக்காட்சி அலைவரிசைகள், தொலைபேசி என மூன்றும் ஒரே கம்பியில். பூமியைத் தோண்டாமல், மின்கம்பங்கள் வழியாகவே ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்கப்பட்டது. செலவு குறைந்தது, காலம் மிச்சமானது. தனியார் நிறுவனம் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கும் கம்பி போய்ச் சேர்ந்தது. கொள்கையளவில் இது சரியான பாதையே.

ஆனால் கம்பத்தில் தொங்கும் கேபிளை நாள்தோறும் பேண வேண்டும். காற்றில் மரக்கிளை விழும். உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி இழுத்துச் செல்லும். கம்பம் மாற்றும்போது அறுக்கப்படும். 2015இல் வாரணாசியில் கங்கைக் கரையோரம் கட்டப்பட்ட கேபிளைக் குரங்குகள் கடித்துத் தின்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. மண்ணுக்கு அடியில் இருந்தாலும் நிம்மதி இல்லை. சாலை, குடிநீர்க் குழாய் என ஒருங்கிணைப்பின்றித் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று 2023இல் ஒன்றிய அரசே கூறியது. பெங்களூர்–சென்னை விரைவுச்சாலைப் பணி நடக்கும் பலமனேர் வட்டாரத்திற்கு இது தொலைதூரச் செய்தி அன்று.

அறுந்த கண்ணாடி இழையை இணைக்க ஏணி வேண்டும், இழை ஒட்டும் இயந்திரம் வேண்டும், அவற்றைக் கையாளப் பயிற்சி பெற்ற மனிதர் வேண்டும். அவர் பக்கத்து ஊரில் இருக்க வேண்டும். மாதாமாதம் சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டும். நம்பகத்தன்மை என்று நாம் சொல்வது பெருமளவு இந்த மனிதரின் உழைப்பையே. ஃபைபர்நெட்டில் கட்டணம் அறிவிக்கப்பட்ட அளவுக்கு இந்த உழைப்பு திட்டமிடப்படவில்லை. வீட்டு வாசல் வரையிலான கடைசி இணைப்பு உள்ளூர்க் கேபிள் ஆபரேட்டர்களிடம் விடப்பட்டது. ஆட்சிகள் மாறியபோது நிறுவனம் வழக்குகளுக்கும் குற்றச்சாட்டுகளுக்கும் களமாயிற்று. 2024 டிசம்பரில் 410 ஊழியர்களின் நீக்கம் அறிவிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் நிறுவனத்தின் தலைவரே பதவி விலகினார். முந்தைய ஆட்சியில் நடந்த நியமனங்களைப் பற்றிய குற்றச்சாட்டு விசாரணைக்கு உரியதே. ஆனால் இந்தச் சண்டையில் ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு: மண்டலத்துக்கு எத்தனை பழுதுநீக்குவோர் தேவை, அவர்கள் எங்கே?

வெட்டப்பட்ட கரங்கள்

பிஎஸ்என்எல் வரலாறும் இதையே காட்டுகிறது. தனியார் நிறுவனம் 2012இலேயே 4ஜி சேவையைத் தொடங்கியது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை வழங்க 2019 அக்டோபரில்தான் ஒன்றிய அரசு முடிவெடுத்தது. அதே முடிவோடு விருப்ப ஓய்வுத் திட்டமும் வந்தது. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,569 ஊழியர்கள் வெளியேறினர். இது மொத்த ஊழியர்களில் ஏறத்தாழ பாதி. கேபிள் குழி எங்கே இருக்கிறது, எந்தப் பெட்டியில் எந்த இணைப்பு என்று மனப்பாடமாக அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தனர். நாடு தழுவிய 4ஜி தொடக்கவிழா 2025 செப்டம்பர் 27 அன்றுதான் நடந்தது.

இடையில் மக்கள் ஒரு தீர்ப்பை எழுதினார்கள். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கைபேசிக் கட்டணத்தை உயர்த்தியபோது, அந்த ஒரே மாதத்தில் பிஎஸ்என்எல்லுக்கு ஏறத்தாழ 29 லட்சம் கைபேசி வாடிக்கையாளர்கள் கூடினர். தனியார் கொள்ளைக்கு மாற்று பொதுத்துறையே என்று மக்கள் தாமாகவே உணர்ந்த அரிய தருணம் அது. ஆனால் நவம்பரிலேயே எண்ணிக்கை சரியத் தொடங்கியது. மலிவான கட்டணம் அவர்களை அழைத்து வந்தது. நிலையான சிக்னல் இல்லாததால் தக்கவைக்க முடியவில்லை. பொதுத்துறையை நலியச் செய்துவிட்டு, பொதுத்துறை நலிந்துவிட்டதே என்று சொல்வது ஆளும் வர்க்கத்தின் பழைய உத்தி. அந்த உத்தி வெற்றிபெறும் இடம் நம்பகத்தன்மைதான் என்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

மாறும் குடும்பத்தின் மீது குற்றமா?

இங்கே நமது அணிகளுக்குள்ளேயே ஒரு சங்கடம் உண்டு. ஃபைபர்நெட்டையோ பிஎஸ்என்எல்லையோ விட்டுத் தனியாருக்கு மாறும் தோழரைச் சிலர் கடிந்துகொள்கிறார்கள். வேறு சிலர், "பொதுத்துறை என்றாலே இப்படித்தான்" என்று சலித்துக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. மகளின் தேர்வு நாளைக் காலை என்றால், கொள்கைக்காகப் பழுதான இணைப்போடு காத்திருக்கும்படி எந்தக் குடும்பத்தையும் கேட்க முடியாது. மருத்துவமனையில் மருந்து இல்லாதபோது வெளியே வாங்குபவரை நாம் குறை சொல்வதில்லை. மருந்து ஏன் இல்லை என்று கேட்டு மறியல் செய்கிறோம். அதே அளவுகோல் இங்கும் பொருந்தும்.

மாறுகிறவர் விளம்பரப் பலகையைப் பார்த்து மாறக் கூடாது என்பதே முக்கியம். அதே தெருவில், அதே கம்பத்திலிருந்து இணைப்பு பெற்றிருக்கும் இரண்டு வீடுகளைக் கேட்க வேண்டும்: கடந்த மழைக்காலத்தில் எத்தனை நாள் நின்றது, யார் வந்து சரிசெய்தார்? மின்சாரம் போனால் இணைப்பும் போகிறதா என்று பார்க்க வேண்டும். ரூட்டருக்குப் பேட்டரி வைத்தாலும் தெருமுனைக் கருவிக்கு மின்சாரம் இல்லையென்றால் பயனில்லை. கம்பியில்லாமல் கோபுரத்திலிருந்து நேரே வீட்டுக்கு வரும் புதிய இணைப்புகளில், தெருவின் நெரிசல் நேரத்து வேகத்தைச் சோதிக்க வேண்டும். ஆறு மாதம், ஓராண்டு என்று முன்பணம் கட்டினால் சலுகை என்பார்கள். முன்பணம் கைக்குப் போனபின் பழுதுநீக்க அவர்களுக்கு அவசரம் இருக்காது. மாதக் கட்டணத்தில் தொடங்கி, முடிந்தால் ஒரு மாதம் பழைய இணைப்பையும் வைத்திருந்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 300ஐ விட, அறுபடாத 40 மேலானது.

ஆனால் இந்த விழிப்புணர்வு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம். ஓர் ஊரைக் காப்பாற்றாது. ஊரில் வரும் எல்லா நிறுவனங்களின் கேபிளும் ஒரே கம்பத்தில், ஒரே பாதையில் சென்றால், ஒரு லாரி எல்லாவற்றையும் சேர்த்தே அறுத்துவிடும். அங்கே நுகர்வோரின் தேர்வுரிமை வெறும் பெயரளவே.

விதியும் அதன் எல்லையும்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் வெளியிட்ட சேவைத்தர விதிகள் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நிலவழி இணைப்பில் ஏற்பட்ட பழுது மூன்று நாட்களைக் கடந்து சரிசெய்யப்பட்டால் வாடிக்கையாளருக்கு ஈடு தரப்பட வேண்டும் என்கின்றன அவை. இந்த உரிமையைக் கேட்டுப் பெற நம் தோழர்கள் மக்களுக்கு உதவ வேண்டும். ஆனால் மூன்று நாள் என்பது அன்றாட வேலைக்கு நீண்ட காலம். மாத வாடகையில் கழியும் சில பத்து ரூபாய் எந்தப் பெரிய நிறுவனத்தையும் கூடுதலாக ஒரு பழுதுநீக்குநரை நியமிக்க வைக்காது. பிரிட்டனில் 2019 ஏப்ரலில் பெரிய நிறுவனங்கள் ஏற்ற திட்டத்தின்படி, இரண்டு வேலைநாட்களுக்குள் பழுது நீங்காவிட்டால் நாளொன்றுக்கு 8 பவுண்டு, வாடிக்கையாளர் கேட்காமலே அவருக்குச் சேர்ந்தது. பழுதை விடப் பழுதுநீக்குவதே மலிவு என்று நிறுவனம் உணரும் அளவுக்கு அபராதம் இருந்தால்தான் விதிக்கு உயிர் வரும்.

கேரளத்தின் அனுபவமும் படிக்கத்தக்கது. இணையம் அடிப்படை உரிமை என்று அறிவித்த இடது ஜனநாயக முன்னணி அரசு, மின்வாரியத்தோடு இணைந்து கட்டிய கே-ஃபோன் வலைப்பின்னலை 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. 30,000 அரசு அலுவலகங்களை இணைப்பதும், முதற்கட்டமாக 14,000 ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவதும் நோக்கம். இருபது லட்சம் குடும்பங்கள் என்ற ஆரம்ப இலக்கு மிகப் பெரியது. அதை எட்டும் பாதை மெதுவானது. இதை மறைக்க வேண்டியதில்லை. வலைப்பின்னல் பொதுச்சொத்தாக இருப்பது முதல் படி; அதைப் பேணும் மனிதவளம் அடுத்த படி.

நாம் எழுப்ப வேண்டியவை

ஒன்றிய அரசோ எதிர்த் திசையில் செல்கிறது. 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தேசியப் பணமாக்கல் திட்டத்தில், மக்கள் வரிப்பணத்தில் கட்டப்பட்ட 2.86 லட்சம் கிலோமீட்டர் பாரத்நெட் கேபிளும், பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் நிறுவனங்களின் 14,917 கோபுரங்களும் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் பட்டியலில் வைக்கப்பட்டன. கிராமத்துக்குக் கம்பி இழுக்கும் செலவு நமக்கு. அதில் லாபம் எடுக்கும் உரிமை அவர்களுக்கு.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் மண்டல வாரியாக, ஒன்றிய வாரியாக இணைப்பு அறுந்து கிடந்த மணி நேரத்தை மாதந்தோறும் வெளியிட வேண்டும். பழுது 24 மணி நேரத்தைக் கடந்தால் கேட்காமலே இழப்பீடு வழங்கப்பட வேண்டும். ஃபைபர்நெட், பாரத்நெட், பிஎஸ்என்எல் ஆகியவற்றின் பராமரிப்புப் பணிகளில் நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்கப்பட்டு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவற்றில் அமர்த்தப்பட வேண்டும். பொது வலைப்பின்னலைக் குத்தகைக்கு விடும் திட்டம் கைவிடப்பட வேண்டும்.

கிளைகள் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்றும் உண்டு. ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, எந்த இணைப்பு எந்த நாளில் எத்தனை மணி நேரம் நின்றது, யார் வந்து சரிசெய்தார் என்று மூன்று மாதம் குறித்துவரலாம். மாறலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு அது உண்மையான வழிகாட்டி. அதிகாரியின் முன் வைக்கும் மனுவுக்கு ஆதாரம். அந்த நோட்டில் மீண்டும் மீண்டும் வரும் பழுதுநீக்குபவரின் பெயர், நமது தொழிற்சங்கம் தேடிச்சென்று சந்திக்க வேண்டிய முதல் பெயர்.