பழைய பிளக்கும் டெக்னோலஜி படிக்கும் நம்ம புள்ளைகளும்



ஓஎல் ரிசல்ட்ஸ் வந்தால் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் ஒரே பேச்சுத்தான்: "மெட்ஸ், பயோ சரிவராட்டி டெக்னோலஜியில போட்டுடுங்க சேர்." 2013 இல் உயர்தரத்துக்கு வந்த பிரிவு, இன்னும் மிச்சப்பட்டவர்களுக்கான இடமாகத்தான் தெரிகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

மோட்டார் சைக்கிளின் பழைய பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். பொறி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற வேலை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோவியத் நாட்டில் லசரென்கோ என்ற கணவனும் மனைவியும், மின்தொடுகைகளைப் பொறி இப்படித் தின்பதைத் தடுக்க முயன்றார்கள். முடியவில்லை. ஆனால் எண்ணெய்க்குள் வைத்தால் பொறி ஒழுங்குக்கு வருவதைக் கண்டு, 1943 இல் அதையே உலோகம் வெட்டும் முறையாக்கினார்கள். எத்தனை கடினமான உருக்கையும் கருவி தொடாமலே வெட்டலாம்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த சங்கதி. நம்ம கொல்லர் கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுப்பாரே, அதே வேலை இங்கே ஊசிமுனை அளவில் நடக்கிறது. பொறி விழும் இடம் ஒரு கணம் உருகும். சுற்றியிருக்கும் குளிர்ந்த உலோகம் சூட்டை இழுக்க, உடனே உறையும். மண்ணெண்ணெய்க்குள் செய்தால் அதிலிருந்து பிரியும் காபனும் உருகலில் கலக்கும். கடைசியில் அடியிலுள்ள உருக்கைவிடக் கடினமான ஒரு தோல் மிஞ்சும். தடிப்பு பெரும்பாலும் தலைமுடியளவுகூட இராது. காற்றிலேயே டங்ஸ்டன் காபைட் முனையால் பொறியடித்து, அந்தப் பொருளையே உருக்கின் மேல் ஏற்றும் முறையும் உண்டு. வெட்டுக் கருவிகள் அதிக நாள் உழைக்கும்.

ஆனால் அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் இருக்கும். ஓயாமல் விசை ஏறி இறங்கும் பாகத்தில் அதை அப்படியே விட்டால் வெடிப்பு உள்ளே ஓடும். தேய்த்து எடுத்துவிட வேண்டும். எங்கே விடுவது, எங்கே எடுப்பது என்று தீர்மானிக்க பௌதிகமும் இரசாயனமும் கைப்பழக்கமும் வேணும். இதுவா படிப்பு ஓடாத புள்ளைக்கான வேலை?

தூரமும் ஒரு சாட்டில்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே தொழிநுட்ப பீடம் இருக்கிறது. குறை நம்ம பக்கம்தான்: லேத் மெஷினைப் படத்தில் மட்டும் பார்த்துப் பரீட்சை எழுதும் புள்ளைகள் உண்டு.

கல்முனைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் நானாமார், அண்ணன்மாரே, மாதத்தில் ஒரு நாள் பத்துப் புள்ளைகளை உள்ளே விடுவீங்களா? விருப்பமானவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பழைய பிளக், தேய்ந்த பெயாரிங் கிடந்தால் வீசிடாதீங்க, வகுப்புக்கு வேணும்.