கேஷ் நிறைய இருந்தா போதுமா?

காமர்ஸ் பையன் பணத்தைப் பத்தி எழுதியிருக்கான்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது வேற கேஷ். டிஸ்க்கில் இருக்கிற தகவலை எடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கிற வேகமான மெமரி.

மெயின்ஃபிரேம் நம்ம ஊருக்குப் புதுசில்லை. 1973-ல் ஜெர்மனி உதவியோடு சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐபிஎம் 370/155-ல் ப்ராசஸர் பக்கத்தில் இருந்த கேஷ் வெறும் 8 கிலோபைட். அந்த வம்சத்து மெஷின்களில் 2000-லிருந்து லினக்ஸும் ஓடுது. உலகத்தில் பல வங்கிகளோட கணக்கு இன்னும் இந்த வம்சத்தை நம்பித்தான் இருக்கு. இப்போ டிஸ்க் பெட்டிக்குள்ளேயே ஜிகாபைட் கணக்கில் கேஷ். ஆனாலும் "டிஸ்க் ஸ்லோ"ன்னு யாராவது சொன்னா, "இன்னும் பெரிய பெட்டி வாங்குங்க" என்பதுதான் முதல் யோசனை. எனக்கு இதில் உடன்பாடில்லை.

காரணம், மெயின்ஃபிரேம் லினக்ஸில் 'ட்யூன்டாஸ்டி'ன்னு ஒரு கட்டளை இருக்கு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கேஷ் எப்படி நடந்துக்கணும்னு பெட்டிக்குச் சொல்லலாம். நார்மல், பைபாஸ், இன்ஹிபிட், சீக்வென்ஷியல், பிரீஸ்டேஜ், ரெக்கார்ட் என்று ஆறு வழி. பிரீஸ்டேஜ் என்றால் கேட்பதற்கு முன்பே அடுத்தடுத்த பகுதிகளை எடுத்து வைப்பது. ரெக்கார்ட் என்றால் கேட்டதை மட்டும்.

வருஷக் கடைசியில் வட்டி போடும்போது முதல் கணக்கிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படிக்கணும். அங்கே பிரீஸ்டேஜ் பலன் தரும். கவுன்டரில் அப்படியா? அடுத்து யார் கணக்கு வரும்னு தெரியாது. அங்கே முன்கூட்டி எடுத்து வைத்தால் வேண்டாதது கேஷை நிரப்பி, வேண்டியதை வெளியே தள்ளிடும்.

எங்க மரக்காணம் உப்பளத்தில் உப்புநீரை முன்னாடியே தேக்கி, வெயிலில் சுண்டவிட்டுத்தான் பாத்திக்குப் பாய்ச்சுவாங்க. அடுத்து எந்தப் பாத்தின்னு தெரியும், அதனால முடியுது. தெரியாம திறந்துவிட்டா உழைப்பு வீண்.

இந்த அமைப்பு முழு டிஸ்க்குக்கும் பொருந்தும். அதனால் ரெண்டு வகை வேலையையும் ஒரே டிஸ்க்கில் போடாதீங்க. சந்தேகமா? நார்மலிலேயே விடுங்க, வரிசையாப் படிக்கிறதை இன்றைய பெட்டிகள் தாமாகவே கண்டுபிடிக்கும். மாத்தினா, முன்னும் பின்னும் அளந்து பாருங்க. ஒரே ஃபைலைத் திரும்பப் படிச்சு அளந்தா ஏமாந்துடுவீங்க; ரெண்டாம் முறை அது லினக்ஸோட சொந்த மெமரியிலிருந்தே வந்துடும், டிஸ்க் பக்கமே போகாது.

புதுப்பெட்டிச் செலவு கடைசியில் வாடிக்கையாளர் தலையில்தான் விடியும். கையில் எவ்வளவு கேஷ்ங்கறதை விட, அது எங்கே முடங்கிக் கிடக்குன்னு பார்க்கணும். ரெண்டு கேஷுக்கும் இதுதாங்க கணக்கு.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்தில் வாங்க, பேசுவோம்.