வாள்வீச்சா, விலங்கொடிப்பா?

1965-இல் வெளிவந்து, 2014-இல் புதுப்பொலிவுடன் மீண்டும் திரையேறிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தை, கம்பம் பள்ளத்தாக்கின் கீற்றுக் கொட்டகைகளில் மணலைக் குவித்து அமர்ந்து கண்ட சிறுவர்கள் இன்று பாட்டனார்கள். ஆயினும் அந்தக் கப்பல் அவர்தம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஏன்? வாள்வீச்சின் வேகமா? கடலின் எழிலா? அல்ல, அல்ல! காயமுற்ற புரட்சியாளருக்கு மருந்திட்ட மருத்துவன் மணிமாறன், அதற்காகவே அடிமையாய் விற்கப்படுகிறான்; அடிமைகளைத் திரட்டி எழுகிறான். அந்த எழுச்சியன்றோ நம்மை ஈர்த்தது!

கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. கூலி உழைப்பாளியின் இன்னல் ஒழிந்ததா? தேவாரத்திலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருக்குண்டு ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் தாய்மார்க்கு, நியாயமான கூலியும் அச்சமற்ற பயணமும் இன்னும் கோரிக்கைகளே. ஞாயிறன்று பழைய படத்திற்குக் கைதட்டுவோம். திங்களன்று இவர்கட்காகக் குரல் கொடுப்போம். அன்றுதான் அக்கைதட்டல் பொருள் பெறும்!