பண்ணைப் பாலத்துக்கு அப்பால்: மண்டைதீவுப் பிள்ளையும் முதலாம் ஆண்டு இரசாயனவியலும்

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கான அடிக்கல்லை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நாட்டி வைத்தார். அதன்பின் ஊடகங்களில் மண்டைதீவின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. மைதானம் வரட்டும். ஆனால் அதே மண்டைதீவிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு விஞ்ஞானம் படிக்கப் போகும் பிள்ளை எந்த ஆயத்தத்தோடு போகிறது என்பதை எவரும் பேசுவதில்லை. இது கல்விப் பிரச்சினை மட்டுமல்ல. போர் எம்மிடமிருந்து எதைப் பறித்தது, அதை எப்படி மீட்பது என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

மாவட்டக் கணக்கில் மறையும் தீவு

தரப்படுத்தல் என்ற சொல் எம்மிடையே இன்றும் காயமாகவே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அது தமிழ் மாணவர்களின் பல்கலைக்கழகக் கதவை எப்படி ஒடுக்கியது என்பதை மறக்க முடியாது. இன்றுள்ள முறையில் விஞ்ஞானத் துறைகளுக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன.

இந்தக் கணக்கில் தீவகம் என்று ஒன்று இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் தீவகம் ஒன்று. ஆனால் வெட்டுப்புள்ளி முழு மாவட்டத்துக்கும் ஒன்றுதான். நகரத்தின் பெரிய கல்லூரியில் படித்து, வீட்டுக்கு அருகிலேயே ரியூசன் வகுப்புக்குப் போகும் பிள்ளையோடு, மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு திரும்புவது எப்படி என்று யோசிக்கும் மண்டைதீவுப் பிள்ளை போட்டியிட வேண்டும்.

இந்தப் பின்னடைவு தானாக வரவில்லை. 1990 ஆகஸ்ட் இராணுவ நடவடிக்கையின்போது மண்டைதீவில் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டனர். எஞ்சியவர்கள் ஊரை விட்டு ஓடினர். ஊர் இடம்பெயர்ந்தபோது ஆசிரியர்களும் இடம்பெயர்ந்தனர். வீட்டை ஒரு வருடத்தில் திருப்பிக் கட்டலாம். விஞ்ஞானம் படித்தவர்களின் தொடர்ச்சி ஒரு ஊரில் அறுந்தால் அதை ஒட்ட ஒரு தலைமுறை வேண்டும்.

மூன்று இடைவெளிகள்

இவற்றையெல்லாம் தாண்டி பல்கலைக்கழக அனுமதி பெறும் பிள்ளை, முதலாம் ஆண்டில் மூன்று இடங்களில் தடுக்கி விழக்கூடும்.

முதலாவது, ஆய்வுகூடம். உயர்தர இரசாயனவியலுக்குத் தனியான செய்முறைப் பரீட்சை இல்லை. இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள், பின்னர் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். அளவியைக் கையால் தொடாமலே நியமிப்புக் கணக்கைச் சரியாகச் செய்து ‘ஏ’ எடுக்கலாம். பல்கலைக்கழகத்தில் அந்த அளவியை நிரப்பி, கரைசலின் வளைந்த மேற்பரப்பைக் கண்மட்டத்தில் வாசித்து, ஒரு துளியில் நிறம் மாறும் கணத்தில் நிறுத்த வேண்டும். அது பயிற்சியால் மட்டுமே வரும்.

இரண்டாவது, மொழி. தமிழில் ‘சமநிலை’ என்று நன்றாக விளங்கிய விடயம், ஆங்கில விரிவுரையில் ‘ஈக்குவிலிபிரியம்’ என்று வரும்போது புதிய பாடம் போலப் பயமுறுத்துகிறது. ‘நியமிப்பு’ ‘டைட்ரேஷன்’ ஆகிறது. ‘அளவி’ ‘பியூரெட்’ ஆகிறது. பிள்ளைக்குத் தெரியாதது பெயர்தான். ஆனால் தனக்கு இரசாயனவியலே தெரியாது என்று அது நினைத்துவிடுகிறது.

மூன்றாவது, கணிதம். உயிரியல் பிரிவில் வருபவர்கள் உயர்தரத்தில் கணிதத்தை ஒரு பாடமாகப் படிப்பதில்லை. பௌதிக இரசாயனவியலில் தாக்க வேகம், வெப்பவியக்கவியல் என்று வரும்போது மடக்கையும் வகையீடும் தொகையீடும் தேவைப்படுகின்றன.

காத்திருக்கும் மாதங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை பல மாதங்கள், சில வேளை ஒரு வருடத்துக்கு மேலும், பிள்ளைகள் வீட்டில் காத்திருக்கிறார்கள். இந்த மூன்று இடைவெளிகளையும் குறைக்க இந்தக் காலம் போதும்.

புதிய பாடங்களை முன்கூட்டியே படித்து முடிக்கத் தேவையில்லை. மூல் எண்ணக்கரு, செறிவு, சமப்படுத்திய சமன்பாடு, பிணைப்பு, அமில-மூலச் சமநிலை ஆகிய அடிப்படைகளைக் கடந்தகால வினாத்தாள் இல்லாமல், ஏன் எதற்கு என்று கேட்டு மீளப் படிக்க வேண்டும். ஒரு கொப்பியில் இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல் என்று நாளுக்குப் பத்து எழுதினால் மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட 900 சொற்கள். மடக்கையையும் எளிய வகையீட்டையும் கணிதப் பிரிவு நண்பரிடமே கேட்டுப் பழகலாம்.

ஆய்வுகூடம் இல்லாத வீட்டிலும் செய்முறை உண்டு. செவ்வரத்தம்பூவைச் சுடுநீரில் ஊறவைத்தால் அதுவே காட்டி. தேசிக்காய்ப்புளியில் சிவக்கும், சவர்க்கார நீரில் பச்சைப் பக்கம் போகும். கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படிவில் வினாகிரி விட்டால் நுரைக்கிறது. அது எங்கள் சுண்ணக்கல் நிலம் கிணற்று நீருக்குள் விட்ட கல்சியம் காபனேற்று. அந்தச் சமன்பாட்டை எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு நீரின் வன்மை பற்றிய முதல் செய்முறை அந்நியமாக இராது.

ஏன் இது எங்கள் பிரச்சினை?

தீவகத்தில் நன்னீர் என்பது உவர்நீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய படை. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகும். எவ்வளவு இறைக்கலாம், குளோரைட்டு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும். மைதானத்துக்கும் அதைச் சுற்றி வரப்போகும் கட்டடங்களுக்கும் நீர் எங்கிருந்து வரும் என்று கேட்கவும் ஆள் வேண்டும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, குடிக்கலாமா கூடாதா என்பதில் மக்கள் எவ்வளவு குழம்பினர் என்பது நினைவிருக்கும். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க உத்தரவிடும் வரை அந்தப் போராட்டம் நீண்டது.

இன்னொன்றும் உண்டு. மன்னார் சதொச வளாகப் புதைகுழியின் எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டு, அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று 2019 மார்ச்சில் முடிவு வந்தது. அதை ஏற்பதா, எந்த இடத்தில் கேள்வி கேட்பது என்று உறவுகளுக்கு விளக்க, காபன்-14 முறையும் மாதிரி மாசடையும் விதமும் தெரிந்தவர்கள் எம்மிடம் எத்தனை பேர் இருந்தனர்? மண்டைதீவின் கிணறுகளைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று உறவுகள் கோருகிறார்கள். நாளை அதே கேள்வி இங்கும் வரும்.

செய்யக்கூடியவை

வெளிநாடுகளில் வாழும் ஊர்ச் சங்கங்கள் வளைவுகளுக்கும் மண்டபங்களுக்கும் அள்ளிக் கொடுக்கின்றன. அதில் ஒரு பங்கு தீவக வலயத்துக்கு ஒரு பொது ஆய்வுகூடமாகட்டும். பத்து அளவிகள், குழாயிகள், ஒரு தராசு, சில இரசாயனப் பொருள்கள், வார இறுதியில் வழிகாட்ட ஒரு பட்டதாரி. தொடங்க இவை போதும். பல்கலைக்கழக மூத்த மாணவர்கள் காத்திருப்புக் காலத்தில் ஆறு வார ஆயத்த வகுப்பு நடத்தலாம். வலயக் கல்விப் பணிமனை இடமும் பஸ் வசதியும் ஒழுங்கு செய்யலாம். மாலை வகுப்பு முடிந்து பெண் பிள்ளைகள் பாதுகாப்பாக வீடு திரும்புவதும் அந்த ஒழுங்கில் சேர வேண்டும்.

மைதானம் கட்டி முடிய வருடங்கள் செல்லும். ஆனால் இந்த வருடம் அனுமதி பெறும் பிள்ளைக்குச் சில மாதங்களே இருக்கின்றன.