உறைய வைத்த கரு: எல்லோருக்கும் கூடிய வாய்ப்பா?

'உருவான கருக்களை இப்போதே கருப்பையில் வைக்க வேண்டாம். எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டு அடுத்தடுத்த மாதங்களில் வைப்போம். அதில்தான் வெற்றி அதிகம்.' செயற்கைக் கருத்தரிப்பு நிலையங்கள் பலவற்றில் இன்று சொல்லப்படும் ஆலோசனை இது. சேமிப்பைக் கரைத்தும் கடன்பட்டும் சிகிச்சைக்குச் செல்லும் தம்பதியர் இதை எந்தளவுக்கு நம்பலாம்?

இந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது 2016இல் வெளியான சீன ஆய்வு. சூலக நீர்க்கட்டிப் பிரச்சினையுள்ள 1,508 பெண்கள் அதில் பங்கேற்றனர். உறைய வைத்த கருவைப் பெற்றவர்களில் 49.3 சதவீதமானோரும், உடனடியாகக் கருவைப் பெற்றவர்களில் 42 சதவீதமானோரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். ஓமோன் ஊசிகளால் சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்படும் ஆபத்தும் 7.1 சதவீதத்திலிருந்து 1.3 ஆகக் குறைந்தது.

ஆனால், நீர்க்கட்டிப் பிரச்சினை இல்லாத பெண்களிடம் இதே முடிவு கிடைக்கவில்லை. 2018இல் வியட்நாமில் 782 பெண்களிடம் நடந்த ஆய்வில் குழந்தைப் பிறப்பு முறையே 33.8, 31.5 சதவீதம். அதே ஆண்டு சீனாவில் 2,157 பெண்களிடம் 48.7, 50.2 சதவீதம். இரண்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2016 ஆய்வில், கர்ப்பகாலத்தில் குருதி அமுக்கம் கூடித் தாயின் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நிலை, உடனடியாகக் கரு வைத்தவர்களில் 1.4 சதவீதமாகவும் உறைய வைத்த கருவைப் பெற்றவர்களில் 4.4 சதவீதமாகவும் இருந்தது. ஆகவே கரு தங்கியவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. கிளினிக்கில் குருதி அமுக்கத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

எங்கள் சமூகத்துக்கு இதில் தனியான ஒரு கவலை இருக்கிறது. இடம்பெயர்வு, முகாம், தடுப்பு, காணாமற்போன உறவுகளைத் தேடிய அலைச்சல் என்று பலரின் திருமணம் தள்ளிப்போனது. போர் முடிந்த 2009இல் 22 வயதாக இருந்த பெண்ணுக்கு 2024இல் 37 வயது. மறை 196 பாகை செல்சியஸ் திரவ நைதரசனில் கரு எத்தனை ஆண்டுகள் இருந்தாலும், முட்டை எடுக்கப்பட்ட நாளின் வயதுதான் அதற்கு. உறைய வைப்பது அந்த வயதுக்கு மேல் மூப்படையாமல் காக்கும். ஏற்கெனவே கடந்துபோன ஆண்டுகளைத் திருப்பித் தராது.

உறைய வைப்பதே தவறு என்பதல்ல இதன் பொருள். மிஞ்சும் கருக்கள் இருந்தால், மறுபடி ஊசிகளும் முட்டை எடுப்பும் இல்லாமல் இன்னொரு முறை முயலலாம். கட்டணம் செலுத்துமுன் வைத்தியரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: என் உடல்நிலைக்கு ஏன் உறைய வைக்க வேண்டும்? நீங்கள் சொல்லும் வெற்றி வீதம் கருத்தரிப்புக்கா, குழந்தை பிறப்புக்கா? என் வயதுப் பெண்களில் அது எவ்வளவு? கருக்களைப் பாதுகாக்க ஆண்டுதோறும் எவ்வளவு செலவாகும்?

பதில் தெளிவாகக் கிடைக்கும்வரை கையெழுத்திட அவசரப்பட வேண்டாம்.