அட்டையைக் காட்டாதீர்கள், ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுங்கள்!

அடுத்த பொதுத்தேர்தலுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. ஆனால் 2022 நவம்பர் 19-ல் நாம் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தின் ஆயுள் 2027 இறுதியோடு சரி. எப்படிப் பார்த்தாலும் 2028 தொடக்கத்துக்குள் நாம் மறுபடியும் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக் கொள்ள வேண்டும். அதற்கு முன் கோயில் திருவிழாவிலும், தாமான் பொது மண்டபத்திலும், பிளாட் வீடுகளின் கீழ்த்தளத்திலும் மேடை போடுவார்கள். ஒவ்வொரு கட்சியும் மருத்துவத்துக்கென்று ஓர் அட்டையை நீட்டும். குடும்பத்துக்கு இத்தனை வெள்ளி, தனியாருக்கு இத்தனை வெள்ளி என்று கணக்குச் சொல்லும். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

இந்தத் தடவை கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம். அட்டை இருக்கட்டும் ஐயா, அரசாங்க ஆஸ்பத்திரியை என்ன செய்யப் போகிறீர்கள்?

ஏன் இந்தக் கேள்வி? நம் குடும்பங்களுக்கு உண்மையான காப்புறுதி அந்த ஆஸ்பத்திரிதான். கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளி. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 வெள்ளி. 1951-ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டத்தின் கீழ் வரும் இந்தச் சில்லறைக் காசுதான் துப்புரவுத் தொழிலாளியையும், பாதுகாவலரையும், லோரி ஓட்டுநரையும் கடன்காரனாக்காமல் காப்பாற்றி வருகிறது. தனியார் காப்புறுதி நமக்கு எட்டாத கொம்புத் தேன். 2024 இறுதியில் சில நிறுவனங்கள் பிரீமியத்தை 40 முதல் 70 விழுக்காடு வரை ஏற்றப் போவதாகச் செய்தி வந்து, நடுத்தர வர்க்கமே அலறியது. பேங்க் நெகாரா தலையிட வேண்டியதாயிற்று. மாதச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்குகிறவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் முடியாது.

தோட்டத்தில் பிறந்த பெரியவர்களைக் கேளுங்கள். அங்கே டிரஸர் இருந்தார். எல்லா வியாதிக்கும் ஒரே கலவை மருந்துதான் என்று நாம் சிரித்துக் கொண்டாலும், நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறக்க ஓர் ஆள் இருந்தார். தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டமே தோட்ட முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வீடமைப்புத் திட்டமும் கோல்ப் மைதானமும் வந்தன. நாம் லயத்தை விட்டுப் பட்டணத்து ஓரத்துக்கு வந்தோம். டிரஸர் நம்மோடு வரவில்லை. அந்த இடத்தை நிரப்பியது அரசாங்க ஆஸ்பத்திரி மட்டுமே.

அந்த ஆஸ்பத்திரியில் யார் யார் கை வைத்தார்கள் என்று பார்த்துவிட்டு ஓட்டுப் போடுவதுதான் முறை.

தேசிய முன்னணியின் கணக்கு நீளமானது. 1996-ல் ஆஸ்பத்திரியின் துப்புரவு, சலவை, கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு, மருத்துவக் கழிவு ஆகிய ஐந்து சேவைகளையும் தனியார் நிறுவனங்களிடம் தூக்கிக் கொடுத்தது. 2007-ல் புத்ராஜெயா, செலாயாங் மருத்துவமனைகளில் முழுக் கட்டணம் செலுத்தும் நோயாளிகளுக்குத் தனி ஏற்பாடு வந்தது. 2008 டிசம்பரில் தேசிய இருதயக் கழகத்தை வாங்க சைம் டார்பி முன்வந்தது. ஆமாம், நம் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டிய அதே சைம் டார்பிதான்! மக்கள் எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தப் பேச்சு கைவிடப்பட்டது. அடுத்து 1கேர் என்ற பெயரில் ஒரு காப்புறுதித் திட்டம். 2012-ல் அதற்கும் எதிர்ப்பு வலுத்து அது கிடப்பில் போடப்பட்டது. கவனியுங்கள், இரண்டையும் தடுத்தது எந்த அமைச்சரின் நல்ல மனசும் அல்ல. மக்கள் சத்தம் போட்டார்கள், அவ்வளவுதான்.

பெரிக்காத்தான் நேஷனல் 2020 மார்ச்சில் வந்து 2021 ஆகஸ்டில் போனது. கொரோனா காலம், பெரிய திட்டம் எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த ஒப்பந்த மருத்துவர்கள் 2021 ஜூலை 26-ல் வேலையை விட்டு வெளியே வந்து ஹர்த்தால் நடத்தும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள்.

பக்காத்தான் ஹராப்பானை நம்மில் பலர் நம்பி ஓட்டுப் போட்டோம். 2018 தேர்தல் அறிக்கையில் பி40 குடும்பங்களுக்கு, தனியார் கிளினிக்கில் பயன்படுத்த 500 வெள்ளி தரும் 'பெடுலி சிஹாட்' திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டு வருவதாகச் சொன்னார்கள். வந்தது வேறு. 2019-ல் மைசலாம் வந்தது. கிரேட் ஈஸ்டர்ன் காப்புறுதி நிறுவனம் கொடுத்த 200 கோடி வெள்ளியில், கடும் நோய் வந்தவருக்கு ஒரே தடவை 8,000 வெள்ளி. ஏற்கனவே நோயில் விழுந்து கிடந்தவர்களுக்கு அந்த 8,000 இல்லை. திட்டம் தொடங்கிய பிறகு நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குத்தான். அதே ஆண்டு பெக்கா பி40 வந்தது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசப் பரிசோதனை. இது நல்ல திட்டம், மறுக்கவில்லை. பிறகு 2023 ஜூனில் மடானி மருத்துவத் திட்டம், முதலில் 10 மாவட்டங்களில். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 250 வெள்ளி. 500 என்று சொன்னது, ஐந்து ஆண்டு கழித்துப் பாதியாக வந்து சேர்ந்தது. அதுவும் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு மாதிரியான உடனடி நோய்க்கு மட்டும்.

நம் வீட்டு நோய் காய்ச்சல் இருமலா?

இனிப்பு நீர்! 2019-ல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் நூற்றுக்கு 31 பேர். எல்லா இனங்களிலும் நாம்தான் முதலிடம். வேறு எதிலும் முதலிடம் கிடைக்காத சமுதாயத்துக்கு இதில் கிடைத்திருக்கிறது. இரவு வேலை, நிற்க நேரமில்லாத சாப்பாடு, மூன்று வேளையும் சர்க்கரை போட்ட தே தாரே. குறை சொல்வது சுலபம். ஆனால் பரிசோதனைக்குப் போகிற தொழிலாளிக்கு அன்றைய கூலி போகிறது. காலையில் எண் எடுத்தால் மருந்து கையில் கிடைக்க மத்தியானம் ஆகிறது. இரண்டு தடவை அப்பாயின்மெண்ட் தவறினால் மூன்றாவது தடவை போகவே கூச்சம். அப்படியே விட்டுவிடுகிறார். சில ஆண்டுகளில் கால் புண், கண் மங்கல், கடைசியில் சிறுநீரகம். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம் நீரிழிவுதான்.

டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இடம் கிடைப்பது கஷ்டம். வெளியே போனால் ஒரு தடவைக்கு நூறு வெள்ளிக்கு மேல். சொக்சோ சந்தா ஒழுங்காகக் கட்டியவருக்குச் சொக்சோ உதவுகிறது. முஸ்லிம் நோயாளிக்கு ஸக்காத் நிதி கை கொடுக்கிறது, நல்ல விஷயம். காண்ட்ராக்டரிடம் நாள் கூலிக்குப் புல் வெட்டியவருக்கு, சொக்சோவே பிடிக்காத கடையில் பாத்திரம் கழுவிய அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? தொண்டு நிறுவனம், கோயில் உண்டியல், பத்திரிகையில் படத்தோடு நன்கொடை வேண்டுகோள். 250 வெள்ளி அட்டை இவர்களுக்கு எத்தனை நாளைக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இவர்களுக்குத் தேவை மாலையிலும் சனிக்கிழமையிலும் திறந்திருக்கும் அரசாங்க கிளினிக். நோயைப் பத்து ஆண்டு முன்னதாகவே பிடிக்கும் மருத்துவர். அந்த மருத்துவருக்கு நிரந்தர வேலை.

நிரந்தர வேலை என்றதும் இன்னொரு கதையைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் நம்மவர் முகம் இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று வரிசையில், இன்னொன்று மாப் பிடித்த கையில். 1996-க்கு முன் அந்த அக்காமார் அரசாங்க ஊழியர்கள். ஓய்வூதியம் இருந்தது. தனியார்மயத்துக்குப் பிறகு குத்தகை கை மாறும் போதெல்லாம் அதே வார்டைக் கூட்டுகிற அதே பெண் புதுத் தொழிலாளி ஆகிவிடுகிறார். இருபது வருட அனுபவத்துக்கு மதிப்பு பூஜ்யம். சம்பளம் எப்போதும் குறைந்தபட்சச் சம்பளம். கொரோனா வார்டைக் கழுவியதும் இவர்கள்தான். 2020 ஜூன் 2-ஆம் தேதி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வெளியே, இந்தத் தொழிலாளர்களின் உரிமைக்காக மறியல் செய்த ஐந்து பேரைப் போலீஸ் கைது செய்தது. மருத்துவர்கள் ஹர்த்தால் செய்தபோது நாடே பேசியது. இவர்களைப் பற்றி எந்தக் கூட்டணியின் மேடையிலும் எத்தனை பேச்சுக் கேட்டீர்கள்?

இப்போது புதிதாக ராக்கான் கே.கே.எம். என்று ஒரு திட்டம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது, முதலில் சைபர்ஜெயா மருத்துவமனை. கூடுதல் கட்டணம் கட்டினால் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே நிபுணரைத் தேர்ந்தெடுக்கலாம், விரைவாகச் சிகிச்சை பெறலாம். அந்த வருமானத்தால் நிபுணர்கள் தனியாருக்கு ஓடாமல் இருப்பார்கள் என்கிறது அரசு. இருக்கலாம். ஆனால் நிபுணர் ஒருவர், நாள் ஒன்று, மணி இருபத்து நான்கு. காசு கட்டியவருக்குப் போகிற நேரம் யாருடைய வரிசையிலிருந்து எடுக்கப்படுகிறது? 5 வெள்ளி நோயாளியின் காத்திருப்பு ஒரு நாள் கூட நீளாது என்று அமைச்சர் மாதா மாதம் கணக்குக் காட்டட்டும், நாம் வாயை மூடிக் கொள்கிறோம்.

பணம் இல்லையா? 2025-ல் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது 4,530 கோடி வெள்ளி. 2023 ஜூனில் மக்களவை ஏற்றுக் கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, அரசின் மருத்துவச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும் என்கிறது. அது 15 ஆண்டுத் திட்டம். 2018 மே முதல் 2023 டிசம்பர் வரை மட்டும் சுகாதார அமைச்சர் பதவியில் ஐந்து தடவை ஆள் நியமித்தார்கள். 15 ஆண்டுத் திட்டத்தை எந்த அமைச்சர் கடைசி வரை சுமப்பார்?

நம் தலைவர்களையும் விட்டுவிட முடியாது. "நம்மாள் ஒருத்தர் மந்திரியானால் போதும்" என்பது பழைய பாட்டு. 2013 முதல் 2018 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர் ம.இ.கா.வின் டத்தோஸ்ரீ சுப்பிரமணியம். அவர் காலத்தில்தான், 2016 டிசம்பரில், புது மருத்துவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கும் முறை தொடங்கியது. துப்புரவுப் பணியாளர்கள் குத்தகையிலேயே கிடந்தார்கள். மறுபக்கம், சுங்கை சிப்புட்டில் 2008-லும் 2013-லும் வென்ற டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் அமைச்சராகவே இருந்ததில்லை. ஆஸ்பத்திரித் தனியார்மயத்தை எதிர்த்து விடாமல் பேசியவர் அவர். அவருடைய கட்சிக்கு 2022-ல் ஒரு நாடாளுமன்ற நாற்காலி கூடக் கிடைக்கவில்லை. நாமும்தான் போடவில்லை.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு ஓட்டே இல்லை, அதனால் யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் போனதால் அல்லது பெற்றோர் திருமணத்தைப் பதியாததால் குடியுரிமை இல்லாமல் நிற்கும் நம் பிள்ளைகள். ஆஸ்பத்திரி கவுண்டரில் அடையாள அட்டை இல்லையென்றால் வெளிநாட்டவர் கட்டணம். 1 வெள்ளிக்குப் பதில் 40, 5 வெள்ளிக்குப் பதில் 120. எந்த உதவி அட்டையும் அவர்கள் பெயரில் வராது. அட்டைக்கே அடையாள அட்டை எண் வேண்டுமே! குடியுரிமை விண்ணப்பம் முடிவாகும் வரை இவர்களிடம் குடிமக்கள் கட்டணமே வாங்க வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, அரசு ஓர் உத்தரவு போட்டால் போதும்.

இன்று செய்ய வேண்டியது: வீட்டில் 40 வயதைத் தாண்டி அரசு உதவித்தொகை வாங்குகிறவர் இருந்தால், பெக்கா பி40 பரிசோதனைக்கு இந்த மாதமே அழைத்துப் போங்கள். அது நம் வரிப்பணம். தேர்தல் வந்ததும் வேட்பாளர் அரிசி மூட்டையோடு வருவார். மூட்டையை வாங்கிக் கொள்ளுங்கள், தப்பில்லை. அதோடு ஒரு தாளையும் நீட்டுங்கள். 1 வெள்ளி 5 வெள்ளிக் கட்டணத்தைத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் காப்பீர்களா, துப்புரவுப் பணியாளரை மறுபடி அரசாங்க ஊழியராக்குவீர்களா, மாலைக் கிளினிக் எந்த ஊரில் எந்த ஆண்டு திறக்கும், அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கு என்ன கட்டணம் என்று தமிழிலும் மலாயிலும் எழுதி வையுங்கள். பதிலையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். தேதி போட்டு, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள்.